பாலத்தின் பலம் எங்கே?

மட்டக்களப்பு வாவியை அறிந்தவர்களுக்கு எழுவான்கரை, படுவான்கரை என்னும் பெயர்கள் புதியன அல்ல. கதிரவன் எழுகின்ற கடற்பக்கம் எழுவான்கரை. அவன் சாய்கின்ற வயற்பக்கம் படுவான்கரை. அந்தப் படுவான்கரையிலே, சின்னக் கதிர்காமம் என்று அடியார்கள் போற்றும் முருகன் கோயிலைத் தன்னகத்தே கொண்டு விளங்குவது மண்டூர். அதற்கு எதிரே எழுவான்கரையில் இருப்பது குருமண்வெளி. இரண்டுக்கும் நடுவே பரந்து கிடக்கிறது வாவி. ஆவணித் திருவிழாக் காலத்தில் அடியார் கூட்டத்தையும், ஏனைய நாட்களில் மாணவரையும் ஆசிரியரையும் நோயாளரையும் அக்கரை சேர்க்கும் பணியை நெடுங்காலமாகத் தோணியும், ‘பாதை’ என்று இப்பகுதியார் வழங்கும் மிதவையுமே செய்து வந்தன. தரைவழியே போக விரும்புவோர் பட்டிருப்புப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போயினர். ஆகவே, “நமக்கு ஒரு பாலம் வேண்டும்” என்னும் எண்ணம் மண்டூர் மக்களின் நெஞ்சிலே தலைமுறை தலைமுறையாக வேரூன்றியதில் வியப்பில்லை.

பாலம் என்றவுடன் நாம் கேட்கும் கேள்விகள் மூன்று. எவ்வளவு நீளம்? எவ்வளவு அகலம்? எப்பொழுது திறப்பார்கள்? மூன்றும் நியாயமான கேள்விகளே. ஆயினும் நான்காவது கேள்வி ஒன்று உண்டு. அதைப் பொறியியலார் தவிர வேறெவரும் பெரும்பாலும் கேட்பதில்லை. “நீருக்குள் நிற்கும் தூண், நிலத்துக்குள் மறைந்திருக்கும் அடித்தளத்தோடு எவ்வாறு பிணைக்கப்பட்டிருக்கிறது?” என்பதே அக்கேள்வி. பூமி அதிர்கின்ற வேளையில் ஒரு பாலம் நிற்பதா விழுவதா என்பதைப் பல தடவைகளில் தீர்மானித்தது அந்தப் பிணைப்புத்தான். அதனை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

நமக்கும் பூமியதிர்ச்சிக்கும் என்ன தொடர்பு?

“இலங்கையில் ஏது பூமியதிர்ச்சி?” என்று வாசகர்கள் கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பூமியின் மேலோடு பல பெருந்தட்டுகளால் ஆனது. அத்தட்டுகள் ஒன்றோடொன்று உரசும் விளிம்புகளிலேதான் அதிர்ச்சிகள் மிகுதியாக நிகழ்கின்றன. நமது தீவோ அத்தகைய விளிம்பில் இல்லை. தட்டின் உட்பகுதியில் இருக்கிறது. ஜப்பானைப் போலவோ சுமாத்திராவைப் போலவோ நாம் அடிக்கடி அதிர்கின்றவர்கள் அல்லர்.

ஆனால், அடிக்கடி இல்லை என்பது ஒருபோதும் இல்லை என்பதாகாது. 1615ஆம் ஆண்டு கொழும்பிலே பூமி அதிர்ந்து, வீடுகள் இடிந்து, மக்கள் பலர் மாண்டதாகப் போர்த்துக்கேயர் காலத்துக் குறிப்பு கூறுகிறது. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவில் ஓர் அதிர்ச்சி நிகழ்ந்தது. அது தட்டின் விளிம்பிலே பிறந்ததன்று. தட்டின் உட்புறத்திலேயே பிறந்தது. அன்று நமது கிழக்குக் கரையோர மக்கள் மேட்டு நிலங்களை நாடி ஓடியதை மறந்திருக்க மாட்டார்கள். இன்று பல்லேகலை, ஹக்மன, மஹகனதராவ ஆகிய இடங்களிலே பூமியின் அசைவுகளை இரவும் பகலும் பதியும் நிலையங்கள் இயங்குகின்றன. ஆபத்து அறவே இல்லையெனில் இந்தக் காவலுக்குத் தேவை என்ன?

ஒரு காலை, இரண்டு கரைகள்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாட்காலையை நாம் மறக்க முடியாது. அன்று காலை ஏழு மணி அளவில் சுமாத்திராவுக்கு அருகே கடலடி பிளந்தது. ஏறத்தாழ 1,500 கிலோமீற்றர் கடந்து, இரண்டு மணி நேரத்துக்குள் கல்லடியையும் ஏனைய கரையூர்களையும் ஆழிப்பேரலை விழுங்கிற்று. இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

நமக்கு அன்று வந்தது நீர். ஆனால், அதே காலையில் வங்கக் கடலின் மறுபுறத்தில், தமிழர் பலர் குடியேறி வாழும் அந்தமான் தீவுகளுக்கு முதலில் வந்தது நிலத்தின் ஆட்டம். அங்கே வட அந்தமானையும் நடு அந்தமானையும் இணைத்து ஆஸ்டின் நீரிணையின் மேல் ஒரு கொங்கிரீட் பாலம் இருந்தது. கட்டி முடித்துச் சில ஆண்டுகளே ஆன புதுப் பாலம். அதன் தூண்கள் விழவில்லை. தளமும் இரண்டாக முறியவில்லை. ஆனால், நடுப்பகுதித் தளங்கள் தாம் அமர்ந்திருந்த தாங்கிகளை விட்டு நழுவிவிட்டன. தளத்தைத் தூணின் மேல் வைத்திருந்தார்களேயன்றி, ஆட்டத்திலே நழுவாதபடி போதுமான தடுப்புகள் வைக்கப்படவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் தூணும் நல்ல தூண், தளமும் நல்ல தளம். இரண்டுக்கும் இடையிலிருந்த உறவுதான் பலவீனமானது.

நமது அறுகம் குடாவில் நேர்ந்ததோ வேறு விதம். அங்கே பாலத்தை அணுகும் பாதையின் மண்ணை அலை அரித்துச் சென்றது; பாலம் இருந்தும் பயன்படாத நிலை உண்டாயிற்று. புதிய பாலம் பின்னர் அமெரிக்க உதவியோடு கட்டப்பட்டு 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஆக, ஒரே காலையில் இரு கரைகளும் ஒரே பாடத்தைக் கற்றன. பாலம் கெடுவது பெரும்பாலும் அதன் நடுவில் அன்று. ஒன்று மற்றொன்றோடு சேரும் இடத்திலேதான்.

முறிவது மூட்டிலே

இதனை அறியப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நமது வயற்காரர்களைக் கேட்டாலே போதும். மண்வெட்டி எங்கே முறிகிறது? இரும்பு நடுவில் முறிவதில்லை. பிடியும் நடுவில் முறிவதில்லை. பிடி இரும்புக்குள் நுழையும் அந்தக் கழுத்திலேதான் முறிகிறது. கையின் விசையெல்லாம் அங்கேதான் வந்து சேருகிறது.

பாலத்தூணும் அவ்வாறே. நீர்நிலைகளில் கட்டும் பாலங்களுக்குச் சேற்றைக் கடந்து உறுதியான நிலம்வரை நீண்ட தூண்களை ஆழச் செலுத்துவார்கள். பொறியியலார் அவற்றைப் ‘பைல்’ என்பர். நாம் இங்கே முளை என்போம். முளைகள் பலவற்றின் தலைகளை ஒன்றாகப் பிணைத்து, அவற்றின் மேல் பருத்த கொங்கிரீட் பாளம் ஒன்றை வார்ப்பார்கள். அந்தத் தலைப்பாளத்தின் மேல் தூண் எழும். தூணின் மேல் தளம் அமரும். ஆக, முளையும் பாளமும் சேரும் மூட்டு ஒன்று. பாளமும் தூணும் சேரும் மூட்டு மற்றொன்று. தூணும் தளமும் சேரும் மூட்டு மூன்றாவது.

சாதாரண நாளிலே இம்மூட்டுகளுக்கு வேலை குறைவு. பாரமெல்லாம் மேலிருந்து கீழே நேராக இறங்குகிறது. கொங்கிரீட் அமுக்கத்தைத் தாங்குவதில் வல்லது. ஆதலால் மூட்டு சற்றுப் பலவீனமாயிருந்தாலும் யாருக்கும் தெரிவதில்லை. பூமி அதிரும்போது நிலை மாறுகிறது. நிலம் ஒருபுறம் ஓட, மேலேயுள்ள கனத்த தளம் தன் இடத்திலேயே நிற்க முயல்கிறது. தூண் வளைகிறது. வளையும்போது அதன் ஒரு பக்கம் அமுங்குகிறது, மறுபக்கம் இழுபடுகிறது. கொங்கிரீட்டுக்கு இழுவை ஆகாது. உள்ளே இருக்கும் இரும்புக் கம்பிதான் அந்த இழுவையைத் தாங்க வேண்டும். அக்கம்பி தூணிலிருந்து பாளத்துக்குள் எவ்வளவு ஆழம் சென்று பற்றிக்கொண்டிருக்கிறது என்பதே அப்பொழுது உயிர்நிலைக் கேள்வியாகிறது.

1971ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே, சான் பெர்னாண்டோ என்னுமிடத்தில் பூமி அதிர்ந்தது. நெடுஞ்சாலைச் சந்தியொன்றில் நின்ற பாலத்தூண்கள் சில, செடியைப் பிடுங்கியது போல அடித்தளத்திலிருந்து கழன்று வந்தன. உள்ளே இருந்த கம்பிகள் பருமனானவையே. அவை அறுந்து போகவுமில்லை. அடித்தளத்துக்குள் பற்றிக்கொள்ளும் ஆழம் போதாமையால், கொங்கிரீட்டை விட்டு உருவிக்கொண்டு வந்துவிட்டன. கம்பி பலமாயிருந்து பிடி பலவீனமாயிருந்தால் விளைவது இதுவே.

1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் விடியற்காலையில் ஜப்பானின் கோபே நகரம் அதிர்ந்தது. அங்கே ஹன்ஷின் மேம்பாலச் சாலையின் 635 மீற்றர் நீளமான பகுதி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்த படத்தை உலகமே கண்டது. அத்தூண்களின் நெடுங்கம்பிகளில் மூன்றில் ஒரு பங்கு, அடியிலிருந்து சிறிது உயரத்திலேயே நிறுத்தப்பட்டிருந்தது. கம்பி நின்ற இடத்திலே தூணும் முறிந்தது. அதைக் கட்டியவர்கள் கற்றறியாதவர்கள் அல்லர்; தம் காலத்து விதிகளின்படியே கட்டினார்கள். விதிதான் போதாததாயிருந்தது.

வளையத்தின் வேலை

நெடுங்கம்பிகளுக்குப் பிடி எவ்வளவு முக்கியமோ, அவற்றைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பிகளும் அவ்வளவு முக்கியம். வெறுந்தரையில் குவித்த மணலின் மேல் ஏறி நின்றால் மணல் சரிகிறது. அதே மணலைச் சாக்கிலே நிரப்பித் தைத்துவிட்டு ஏறி நின்றால் தாங்குகிறது. மணல் மாறவில்லை, சாக்கு அதனை வெளியே போகவிடாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறது. தூணின் அடியிலும் மூட்டுகளிலும் நெருக்கமாகச் சுற்றப்பட்ட வளையங்கள் செய்வதும் இதே வேலைதான். கொங்கிரீட் வெடித்தாலும் அது உதிர்ந்து போகாதபடி கட்டிக் காக்கின்றன. வளையங்கள் அடிக்கு ஒன்றாக விலகியிருந்தால், அது கிழிந்த சாக்குக்கு ஒப்பாகும்.

பழைய பாலங்களில் இவ்வளையங்கள் மிகச் சொற்பம். சான் பெர்னாண்டோவுக்குப் பின்னரே உலகின் பல நாடுகள் விழித்துக்கொண்டு விதிகளைத் திருத்தின. கலிபோர்னியாவிலே பழைய தூண்களுக்கு வெளியே இரும்புச் சட்டை அணிவிக்கும் வேலை தொடங்கி ஆண்டுக்கணக்கில் நடைபெற்றது. முதலிலேயே சிறு செலவில் வைத்திருக்கக்கூடிய வளையத்துக்காகப் பின்னர் பெருஞ்செலவு செய்ய நேர்ந்தது.

சேற்றில் நடும் தூண்

இனி நமது வாவிக்கு வருவோம். வாவியின் அடியில் இருப்பவை சேறும் மணலும். பாறையிலே நிற்கும் பாலத்துக்கும் சேற்றிலே நிற்கும் பாலத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. மென்மையான சேறு, கீழிருந்து வரும் அசைவைத் தணிப்பதற்குப் பதிலாகப் பல வேளைகளில் பெருக்கிவிடுகிறது. பக்கவாட்டில் முளைக்கு உறுதியான பிடிப்பையும் அது கொடுப்பதில்லை.

இதற்கு நல்ல சான்று 1989ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் கலிபோர்னியாவிலே கிடைத்தது. வாட்சன்வில் என்னும் ஊருக்கருகே, ஸ்ட்ரூவ் என்ற சதுப்பு நிலத்தின் மேல் 1964இல் கட்டிய கொங்கிரீட் பாலம் ஒன்று இருந்தது. பூமி அதிர்ந்தபோது தூண்கள் சேற்றுக்குள் அங்குமிங்கும் ஆடின. அவற்றைச் சுற்றிச் சேற்றிலே பிளவுகள் விழுந்தன. தூணும் மேலுள்ள குறுக்குத் தூலமும் சேர்ந்த மூட்டுகள் அந்த ஆட்டத்தைத் தாங்கவில்லை. அங்கே வளையங்கள் போதவில்லை. மூட்டுகள் நொறுங்கியதும் தளம் கீழே இறங்கிற்று. நிமிர்ந்து நின்ற தூண்கள் சில, அத்தளத்தையே துளைத்துக்கொண்டு மேலே எட்டிப் பார்த்தன! தூண்கள் நிற்க, பாலம் மட்டும் விழுந்த இந்தக் காட்சியைப் பொறியியல் மாணவர்கள் இன்றும் படித்து வருகிறார்கள்.

சேற்றுக்கு மட்டுமன்று, மணலுக்கும் ஒரு குணம் உண்டு. வாவிக் கரையிலே ஈர மணலின் மேல் நின்று காலால் மிதித்துக்கொண்டேயிருந்து பாருங்கள். மணலுக்குள்ளிருந்து நீர் ஊறி மேலே வரும். உறுதியாயிருந்த மணல் குழைந்து கால் புதையும். பெரும் அதிர்ச்சியிலே நீர் நிறைந்த மணற்படலம் முழுவதுமே இவ்வாறு குழம்பாகிவிடுகிறது. 1964ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் ஜப்பானின் நீகாத்தா நகரிலே இதுவே நடந்தது. ஷினானோ ஆற்றின் மேல் சில வாரங்களுக்கு முன்னர்தான் திறக்கப்பட்டிருந்த ஷோவா பாலத்தின் முளைகள், மணல் குழம்பி நகர்ந்ததால் வளைந்தன; மேலிருந்த தளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றில் விழுந்தன. கடுமையான குலுக்கல் தணிந்த பின்னரே அவை விழுந்ததாகக் கண்டவர்கள் கூறியிருக்கின்றனர்.

எனவே வாவிப் பாலத்தின் முளை, குழம்பக்கூடிய மணலையும் சேற்றையும் கடந்து உறுதியான அடுக்கிலே ஊன்ற வேண்டும். அதன் தலை பாளத்தோடு சேரும் இடத்திலும், மென்மண்ணும் வன்மண்ணும் சேரும் இடத்திலும் வளைவு மிகுதியாகும் ஆதலால், அவ்விரு இடங்களிலும் வளையங்கள் நெருக்கமாக அமைய வேண்டும்.

எங்கே முறியலாம்?

இங்கே ஒரு விந்தையான எண்ணத்தை வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறோம். எவ்வளவு பெரிய அதிர்ச்சி வந்தாலும் எந்த இடமும் சிதையாத பாலத்தைக் கட்டுவது ஏழை நாட்டுக்கு மட்டுமன்று, செல்வ நாட்டுக்கும் கட்டுபடியாகாது. ஆகவே, “முறிய வேண்டுமெனில் எங்கே முறியலாம்?” என்பதை முன்கூட்டியே நாமே தீர்மானித்துவிட வேண்டும் என்று பொறியியலார் கண்டனர். 1960களிலும் 1970களிலும் நியூசீலாந்து நாட்டவர் வளர்த்த இக்கொள்கை இன்று உலகெங்கும் கைக்கொள்ளப்படுகிறது.

நமது வீட்டு மின்சாரப் பெட்டியிலுள்ள பியூஸ் கம்பியை எண்ணிப் பாருங்கள். மின்சாரம் அளவு கடந்தால் அது உருகி அறுந்துவிடும். அதனால் வீட்டின் சுவருக்குள் ஓடும் கம்பிகள் காப்பாற்றப்படுகின்றன. அறுந்த பியூஸை ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். பாலத்துக்கும் இத்தகைய பியூஸ் ஒன்று வேண்டும். அது தூணின் அடி. தலைப்பாளத்துக்குச் சற்று மேலேயுள்ள பகுதி. அங்கே கம்பிகள் நீண்டு வளையலாம், மேற்பூச்சு உதிரலாம். ஆனால், நெருங்கிய வளையங்கள் அதனை விழவிடாமல் காக்கும். அவ்விடம் கண்ணுக்குத் தெரியும். தோணியிலே போய்ப் பார்க்கலாம், பழுதுபார்க்கலாம். அதற்குக் கீழேயுள்ள பாளமும் முளைகளும், அவற்றை இணைக்கும் மூட்டும் தூணைவிடப் பலமாக இருத்தல் வேண்டும். ஏனெனில், பத்து மீற்றர் சேற்றுக்குக் கீழே முளையொன்று முறிந்தால் யார் கண்டறிவார்? யார் பழுதுபார்ப்பார்?

இக்கொள்கைகளை ஏட்டிலே மட்டும் எழுதிவைக்கவில்லை. ஜப்பானின் மிக்கி நகரிலே 20 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் கொண்ட மாபெரும் ஆட்டமேடை ஒன்றை 2005இல் இயங்கச் செய்தனர். அதன் மேல் முழு அளவான பாலத்தூண்களையே நிறுத்தி, கோபேயில் பதிவான அதே அசைவைக் கொடுத்துச் சோதித்தனர். பழைய முறைத் தூண் எவ்வாறு சிதைகிறது, புதிய முறைத் தூண் எவ்வாறு நிற்கிறது என்பதைக் கண்ணாரக் கண்டனர்.

உப்பு என்னும் உட்பகை

வாவிக்கு உரிய மற்றோர் இடரையும் சொல்ல வேண்டும். முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் கலப்பதால் வாவி நீரில் உப்பு உண்டு. நீர் ஏறியும் இறங்கியும் நனைத்து உலர்த்தும் மட்டத்திலே உப்பு கொங்கிரீட்டுக்குள் மெல்ல மெல்ல ஊறிக் கம்பியை அடைகிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, மேலுள்ள கொங்கிரீட்டை வெடிக்கச் செய்கிறது. பாளமும் தூணின் அடியும் பெரும்பாலும் அதே மட்டத்தில்தான் இருக்கின்றன. ஆக, அதிர்ச்சி வரும் நாளில் மிகுந்த வேலை செய்ய வேண்டிய கம்பியைத்தான் உப்பு முதலில் தின்கிறது. செறிவான கொங்கிரீட், கம்பிக்கு மேல் போதிய கனம், காலந்தோறும் பார்வையிடல் ஆகிய மூன்றும் இதற்கு மருந்து.

வீண் செலவா?

“நூறாண்டுக்கு ஒருமுறையும் வராத அதிர்ச்சிக்காக இத்தனை செலவா? அந்தப் பணத்தில் இன்னொரு பள்ளிக்கூடம் கட்டலாமே!” என்று சிலர் கேட்பர். இக்கேள்வியை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஜப்பானுக்கு ஏற்ற அளவில் இங்கேயும் எல்லாம் செய்ய வேண்டும் என்பது நமது வாதமன்று. இடத்துக்கேற்ற அதிர்ச்சியைக் கணக்கிட்டு, அதற்கேற்பவே அமைக்க வேண்டும். ஆனால், மூட்டிலே கம்பியை இன்னும் சற்று ஆழமாகச் செலுத்துவதும், வளையங்களை நெருக்கி வைப்பதும், தளம் நழுவாதபடி அகலமான இருக்கையும் தடுப்பும் அமைப்பதும் முழுச் செலவிலே சிறு பங்கே. அவற்றின் பயன் அதிர்ச்சிக்கு மட்டும் உரியதுமன்று. 1978ஆம் ஆண்டு நவம்பரிலே மட்டக்களப்பைச் சூறையாடிய புயலை நாம் அறிவோம். மாரிதோறும் வரும் வெள்ளத்தையும் அறிவோம். நீர் மோதும்போதும், அடிமண் அரிபடும்போதும் பாலத்தைக் காப்பது அதே மூட்டுத்தான்.

இன்னொன்றையும் எண்ண வேண்டும். கல்லடியில் 1924ஆம் ஆண்டின் இரும்புப் பாலத்துக்கு அருகே புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. மண்முனையில் ஜப்பானிய உதவியோடு கட்டிய 210 மீற்றர் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. இப்பாலங்கள் வெறும் போக்குவரத்து வசதிகள் அல்ல. பேரிடர் நேரும் நாளில் படுவான்கரையின் நோயாளி களுவாஞ்சிக்குடி வைத்தியசாலைக்கோ மட்டக்களப்புக்கோ போவதற்கும், அரிசியும் மருந்தும் இக்கரை வருவதற்கும் இவையே வழி. வீடு விழுந்தால் ஒரு குடும்பம் தவிக்கும். பாலம் விழுந்தால் ஒரு கரையே தவிக்கும்.

தூணின் அடி மூட்டு ஒரு நாள் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. கம்பி கட்டி முடித்து, கொங்கிரீட் வார்ப்பதற்கு முன்னுள்ள அந்த நாள். மறுநாள் அது மறைந்துவிடுகிறது. பின்னர் நூறாண்டுக்கு எவர் கண்ணிலும் படுவதில்லை. கம்பி வரைபடத்தின்படி கட்டப்பட்டதா, வளையங்கள் எண்ணிக்கையில் குறையவில்லையா என்று அந்த ஒரு நாளிலே நேர்மையான கண்கள் பார்த்தாக வேண்டும். மேற்பார்வையாளரின் அந்த ஒரு நாள் உழைப்பிலே ஒரு கரையின் வாழ்வு அடங்கியிருக்கிறது.

மண்டூரிலும் குருமண்வெளியிலும் இன்று பள்ளியிலே விசையும் நெம்புகோலும் படிக்கும் மாணவர் சிலர் நாளை பொறியியலாராகலாம். அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். வாவியின் மேல் எழும் எந்தப் பாலத்தைக் கண்டாலும் அதன் நீளத்தையும் அழகையும் பார்த்து மகிழுங்கள்; அதனோடு அதன் தூண் நீருக்குள் இறங்கும் இடத்தையும் ஒருமுறை பாருங்கள். அதற்குக் கீழே எத்தனை முளைகள், எவ்வளவு ஆழம், எவ்விதப் பிணைப்பு என்று கேளுங்கள். பெரியவர்களும் பாலம் வேண்டுமென்று மனு எழுதும்போது, “உறுதியாய் நிற்கும் பாலம் வேண்டும்” என்று ஒரு வரி சேர்த்து எழுதுவார்களாக.